ஊருணித் திட்டத்துக்கு இறுதி மதிப்பீடு: பேஸ்லைன் இல்லை, பல்கலைக்கழக எம்ஓயூ வேறு காத்திருக்கிறது

வரத்துக்கால் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டை, கண்ணங்குடி ஒன்றியங்களில் 14 ஊர்களில் ஊருணி வேலை பார்க்கும் ஒரு சிறிய டிரஸ்ட் சார்பில் கேட்கிறேன். தூர்வாரல், வரத்துக்கால் வெட்டு, படித்துறை, கரையோரத்தில் மணல் வடிகட்டியோடு கிணறு, கைப்பம்பு. பணம் ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்றினுடையது. மூன்று வருடத்துக்கு மொத்தம் 1.6 கோடி, வரும் மார்ச் 31இல் முடிகிறது. மதிப்பீட்டுக்கென்று 5 லட்சம் தனியே இருக்கிறது.

1. பேஸ்லைன் (வேலைக்கு முந்தைய நிலைக் கணக்கெடுப்பு) எடுக்கவில்லை. எம்.புக் (வேலை அளவுப் புத்தகம்), ஊர்க்கூட்டத் தீர்மானங்கள், தேதி போட்ட படங்கள் மட்டுமே கையில் உள்ளன.

2. டோனர் ‘தாக்க மதிப்பீடு’ வேண்டும் என்கிறார். வேலை நடக்காத 14 ஊர்களைக் கண்ட்ரோலாக (ஒப்பீட்டு ஊர்களாக) வைத்து வீட்டு சர்வே எடுக்கச் சொல்கிறார். ஆனால் செலவில் 10 சதவீதத்தை ஊர்ப்பங்காகக் கட்ட முன்வந்த ஊர்களில்தான் வேலையே நடந்தது.

3. டோனர் வழியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வந்திருக்கிறது. ஊருணித் தண்ணீரின் நுண்ணுயிர்களையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கையும் ஆராய வேண்டுமாம். எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) வரைவில் தரவு முழுக்க அவர்களுக்குச் சொந்தம். கட்டுரையில் எங்களுக்கு ‘நன்றியுரை’.

4. திட்டத்தோடு இந்தக் கூட்டாய்வு ஏற்பாட்டையும் மதிப்பிட்டுத் தரச் சொல்கிறார்கள். அதை எதைக்கொண்டு அளப்பது?


கலுங்கு

முதலில் மதிப்பீட்டின் பணி வரையறையை, அதாவது டிஓஆரைத் திருத்துங்கள். ‘தாக்கத்தை மதிப்பிடுக’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பும் டோனரிடம் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது: இந்த அறிக்கையைப் படித்துவிட்டு யார், எந்த மாதத்தில், என்ன முடிவெடுக்கப் போகிறார்கள்? இரண்டாம் கட்ட நிதி தருவதா, வேறு ஊர்களுக்கு விரிப்பதா, இல்லை கணக்கை முடித்துக் கோப்பை மூடுவதா? மூன்றுக்கும் மூன்று விதமான மதிப்பீடு. பதில் வராவிட்டால், அறிக்கை ஆண்டு மலரில் போடுவதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்கிவிடலாம்.

பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு 1991இல் ஐந்து அளவுகோல்களை வைத்தது: பொருத்தம், பயன்விளைவு, செலவுத்திறன், தாக்கம், நிலைப்பு. 2019இல் ‘ஒத்திசைவு’ ஆறாவதாகச் சேர்ந்தது. ஆறையும் ஒரு டிஓஆரில் திணித்து 5 லட்சத்தில் முடிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எந்திரத்தனமாகப் போடாதே, தேவையானதை மட்டும் எடு என்று அந்த ஆவணமே சொல்கிறது. உங்களுக்கு மூன்று போதும்: பயன்விளைவு, நிலைப்பு, ஒத்திசைவு. ஒத்திசைவு எதற்கென்றால், அதே ஊர்களுக்குக் காவிரிக் கூட்டுக்குடிநீரும் ஜல் ஜீவன் குழாயும் வந்திருக்கும். குழாய் வந்த ஊரில் ஊருணிக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது குறைந்திருந்தால் அது உங்கள் வேலையின் தோல்வி இல்லை; கூடியிருந்தால் முழுக்க உங்கள் வெற்றியும் இல்லை.

இப்போது கண்ட்ரோல் விஷயம். பங்குத்தொகை கட்ட முன்வந்த ஊர் என்றால் அங்கே கூட்டம் கூடுகிறது, அம்பலம் (ஊர்த் தலைவர்) சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள், வெளிநாட்டில் சம்பாதிப்பவர் பணம் அனுப்புகிறார். கட்டாத ஊரில் இவை குறைவு. நாளைக்கு இரண்டையும் ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் ஊருணியாலா, ஊரின் கட்டுக்கோப்பாலா என்று பிரிக்கவே முடியாது. பேஸ்லைன் இருந்தாலாவது இரு பக்கத்து மாற்றங்களையும் கழித்துப் பார்க்கலாம். அதுவும் இல்லை.

அதை விட்டாலும் எண்ணிக்கை உதைக்கும். ஊருணித் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் கண்ட்ரோலில் 30 சதவீதம், உங்கள் ஊர்களில் 40 சதவீதம் என்று வையுங்கள். இந்த 10 புள்ளி வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, ஒரு பக்கத்துக்கு 353 வீடு வேண்டும். ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்து, ஊருக்கு 20 வீடு எடுத்தால், பெருக்கல் காரணி 1 + 19 × 0.05 = 1.95. ஆக 688 வீடு. பூட்டிய வீடு, மறுத்தவர் என்று 10 சதவீதம் போனால் 765. ஊருக்கு 20 வீதம் 39 ஊர். உங்களிடம் 14தான் உண்டு.

14 ஊர், ஊருக்கு 20 வீடு என்றால் ஏறத்தாழ 16 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் கணக்கில் தட்டுப்படும். ‘அப்படியானால் ஊருக்கு 40 வீடு எடுங்கள்’ என்பார்கள். எடுத்தாலும் 16 என்பது 14க்குக் கொஞ்சம் கீழே இறங்கும், அவ்வளவுதான்; சர்வே செலவு மட்டும் இரட்டிப்பாகும். ஊர் எண்ணிக்கையைக் கூட்டாமல் வீட்டு எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. இந்தக் கணக்கை அப்படியே டோனருக்கு அனுப்புங்கள். விவரம் தெரிந்தவர் என்றால் ஏற்றுக்கொள்வார்.

வயிற்றுப்போக்கைத் தாக்கக் குறியீடாக ஒருபோதும் ஏற்காதீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் வந்ததா என்று தாயைக் கேட்பதுதான் வழக்கமான முறை. 280 வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீடே கொஞ்சம். அதில் இரண்டு வாரத்துக்குள் வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். மழைக்காலத்தில் கேட்டால் ஒரு எண், கோடையில் கேட்டால் வேறு எண்.

இதற்குப் பதிலாகப் பங்களிப்புப் பகுப்பாய்வு செய்யுங்கள். சங்கிலியை எழுதிக்கொள்ளுங்கள்: வரத்துக்கால் திறந்தது, ஊருணி நிறைந்தது, தண்ணீர் கூடுதல் மாதங்கள் நின்றது, கிணற்றில் தெளிந்த தண்ணீர் வந்தது, வீடுகள் குடிக்க எடுத்தன, கேன் தண்ணீர்ச் செலவு குறைந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கேள்வி: நடந்ததற்கு என்ன சான்று? நடந்திருந்தால் வேறு எதனால் நடந்திருக்கலாம்? பெரும்பாலும் அறுவது ‘குடிக்க எடுத்தன’ என்ற கண்ணியில்தான். ஊருணி நிறைந்து கிடக்கும், வீட்டுத் திண்ணையில் 20 லிட்டர் கேன் நிற்கும். அது எந்த ஊரில், ஏன் என்று கண்டுபிடித்தாலே மதிப்பீட்டுக்குக் கொடுத்த காசு செரிக்கும்.


ஏழாம் மடை

பேஸ்லைன் இல்லை என்று முழுதாகக் கைவிட வேண்டாம். ஊருணியில் தண்ணீர் நின்றதா இல்லையா என்பதற்கு வானத்திலிருந்து எடுத்த பேஸ்லைன் சும்மாவே கிடைக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015இலிருந்து உண்டு. 2017இல் இரண்டாவது கோள் ஏறியதிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு படம். பச்சை, அண்மை அகச்சிவப்பு இரண்டு பட்டையும் 10 மீட்டர் துல்லியம். இவ்விரண்டையும் வைத்து நீர்க் குறியீடு போட்டால் எந்த மாதம் வரை தண்ணீர் இருந்தது என்று வேலைக்கு முந்தைய வருடங்களுக்கும் பார்க்கலாம்.

செய்முறை: கையில் போனோடு ஒவ்வொரு ஊருணிக் கரையையும் சுற்றி நடந்து எல்லைக்கோடு எடுங்கள். அந்தக் கோட்டை 10 மீட்டர் உள்ளே சுருக்குங்கள். இல்லாவிட்டால் கரையும் தண்ணீரும் கலந்த ஓரப் புள்ளிகள் கணக்கைக் கெடுக்கும். ஒரு ஏக்கர் ஊருணி என்பது படத்தில் சுமார் 40 புள்ளி (ஒரு புள்ளி 10 × 10 மீட்டர்). அரை ஏக்கர் என்றால் 20. ஓரத்தைக் கழித்தால் கைக்கு மிஞ்சுவது சிலதுதான். அரை ஏக்கருக்குக் கீழே இதை நம்ப வேண்டாம். டிசம்பர் முதல் ஜூன் வரை மேகமில்லாத படங்களை மட்டும் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். அப்போது சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும். ஆகாயத்தாமரை மூடிய ஊருணியைச் செயற்கைக்கோள் புல்தரை என்று நினைக்கும். கரையில் சீமைக்கருவேலம் கவிந்திருந்தாலும் அப்படியே.

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தூர்வாரியபின் ஊருணி ஆழமாகிறது. அதே அளவு தண்ணீர் வந்தால் பரப்பு குறைந்துதான் தெரியும். படத்தைப் பார்த்து ‘நீர்ப்பரப்பு 15 சதவீதம் சுருங்கிவிட்டது’ என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். பரப்பைப் பார்க்காதீர்கள், எத்தனை மாதம் வற்றாமல் நின்றது என்பதை மட்டும் பாருங்கள். படித்துறையில் சென்டிமீட்டர் அளவுகோல் வரைந்து வாரம் ஒரு தடவை ஒருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். செலவு பெயின்ட் டப்பா ஒன்று.

மழையைக் கணக்கில் சேர்க்காமல் முன் - பின் ஒப்பீடு போடவே கூடாது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. அதை ‘முன்’ என்று வைத்தால், ஒன்றுமே செய்யாத கண்மாய்கூடப் பிறகு முன்னேறியதாகத் தெரியும். பக்கத்தில் நீங்கள் தொடாத ஊருணிகள் ஒரு இருபதையும் அதே முறையில் அளந்து, அதே மழையில் அவை எவ்வளவு நாள் நின்றன என்று வைத்துப் பாருங்கள். வீட்டு சர்வேக்கு உதவாத ஒப்பீடு இங்கே உதவும். ஆளைக் கேட்க வேண்டியதில்லை, பழைய வருடங்களுக்கும் தரவு இருக்கிறது, எண்ணிக்கையும் கூட்டலாம்.

அறிக்கையில் ‘இத்தனை லட்சம் லிட்டர் கொள்ளளவு கூடியது’ என்று எம்.புக்கைப் பார்த்து எழுதுவார்கள். 60 × 40 மீட்டர் ஊருணியில் ஒரு மீட்டர் தோண்டினால் 24 லட்சம் லிட்டர். சரிதான். ஆனால் அதே ஊருணியில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 12,000 லிட்டர் வெயிலுக்குப் போகும். 150 வீடு, வீட்டுக்கு 20 லிட்டர் எடுத்தால் வெறும் 3,000. மனிதர் எடுப்பதைப்போல நாலு மடங்கு வெயில் எடுக்கிறது. கொள்ளளவை வைத்துப் பயனாளி எண்ணிக்கை சொல்லும் எந்த வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள்.

கசிவையும் சோதியுங்கள். மண் அள்ளும் கான்ட்ராக்டர் கூடுதல் ஆழம் போய் அடிக்களிமண்ணை உடைத்துவிட்டால் அந்த ஊருணி ஓட்டைப் பானை. மழையில்லாத பத்து நாள் அளவுகோலைப் படியுங்கள். மேலே சொன்ன ஊருணியில் ஆவி 5 மி.மீ., எடுப்பு ஒன்றேகால் மி.மீ.; நாளுக்கு 6, 7 மி.மீ. இறங்கலாம். 15 மி.மீ. இறங்கினால் அடி உடைந்திருக்கிறது. நிலைப்பு பற்றி நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு எண் மேல்.


திண்ணை

கலுங்கு ஐயா சொன்ன சங்கிலி சரி. ஆனால் வீட்டு சர்வேயையே கைவிடச் சொல்வதுபோல இருக்கிறது; அதை ஏற்க முடியாது. ஒப்பீட்டுக்காக வேண்டாம், உங்கள் 14 ஊருக்குள் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு வேண்டும். சராசரி இங்கே பொய் சொல்லும். ஊருணி ஊர்த்தெருவின் நடுவில் இருக்கும், காலனி அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ‘ஊரில் 60 சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள்’ என்ற எண்ணுக்குள் காலனியின் பூஜ்யம் ஒளிந்திருக்கலாம். ஆகவே ஊருக்கு 20 வீடு என்றால், காலனியில் வீடு எத்தனை குறைவாக இருந்தாலும் 8 வீடு அங்கிருந்து கட்டாயம். மொத்தச் சராசரி போடும்போது எடை கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

வீட்டுப் பட்டியலை எங்கிருந்தும் கடன் வாங்காதீர்கள். கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கு 2011இனுடையது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார். செட்டிநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரத்தார் பெரிய வீடு ஒன்றில் ஏழெட்டுப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு இருக்கும். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும். உள்ளே குடியிருப்பது காவல்காரர் குடும்பம் மட்டும், இல்லையென்றால் வயதான ஆச்சி ஒருவர். இதைப் பூட்டிய வீடு என்று தள்ளுவதா, காவல்காரரை எடுப்பதா என்பதைப் பயிற்சி நாளிலேயே முடிவு செய்யாவிட்டால் ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் ஒவ்வொன்று செய்வார். விதி எளிது: ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு, கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது அங்கே படுத்திருக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கக் கூடாது. வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

நேரம்: காலை 9 முதல் 3 வரை போனால் நூறு நாள் வேலைக்குப் போகாதவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். அவர்களோ கொஞ்சம் வசதியானவர்கள். காலை 7 முதல் 8.30, மாலை 4.30க்குமேல். பதில் சொல்ல வேண்டியவர் தண்ணீர் எடுப்பவர். குடும்பத் தலைவர் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் இல்லை.

கேள்வி: ‘ஊருணித் திட்டத்தால் பயனடைந்தீர்களா?’ என்று கேட்டால் நூற்றுக்கு நூறு ஆமாம்தான். அதுவும் டிரஸ்ட் ஜீப்பில் போய் இறங்கினால் கேட்கவே வேண்டாம். ‘நேற்று ராத்திரி குடித்த தண்ணீர் எங்கே எடுத்தது?’, ‘காட்டுங்கள்’, ‘போன சித்திரையில் எங்கே எடுத்தீர்கள்?’, ‘இந்த வாரம் எத்தனை கேன் வாங்கினீர்கள், ஒன்று என்ன விலை?’ இவைதான் கேள்வி. வருடம் கேட்டால் குழம்புவார்கள். ‘கஜா புயலுக்கு முன்னாலா, பின்னாலா’, ‘லாக்டவுன் சமயத்தில்’ என்று கேட்டால் சரியாக வரும்.

வாய்ச்சொல்லைச் சரிபார்க்க இரண்டு நாள், காலை 6 முதல் 8 வரை, ஒருவரைப் படித்துறைக்குச் சற்றுத் தள்ளி உட்காரவைத்துக் குடங்களை எண்ணச் சொல்லுங்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதையும் குறிக்கட்டும். சர்வேயில் 60 சதவீதம் என்று வந்து படித்துறையில் பதினைந்து குடம்தான் வந்தால் எதை நம்புவது என்று தெரிந்துவிடும்.

ஒருவர் நாளுக்கு 8 பேட்டி எடுப்பார். 280 வீட்டுக்கு 35 ஆள்-நாள். வீட்டுப் பட்டியல் போட ஊருக்கு இரண்டு ஆள்-நாள் என்று இன்னொரு 28. பயிற்சி மூன்று நாள், அதில் ஒரு நாள் திட்டத்தில் இல்லாத ஊரில் ஒத்திகை. பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய் மூன்றே கேள்வி கேட்டு ஒப்பிட வேண்டும். 5 லட்சத்தில் இது தாராளமாக அடங்கும். இவர்கள் யாரும் உங்கள் டிரஸ்ட் ஊழியராக இருக்கக் கூடாது.


கோப்பும் குறிப்பும்

எம்ஓயூ பற்றி மட்டும் சொல்கிறேன். கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை.

பணம். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) வழி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது, அந்த அமைப்புக்கும் பதிவு இருந்தாலும் சரி. உள்ளூர்க் கல்லூரி ஒன்றைத் தரவெடுக்கச் சேர்த்துக்கொண்டு ‘துணை மானியம்’ என்று பட்ஜெட்டில் எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சேவைக்குக் கட்டணம் கொடுப்பது வேறு விஷயம்; வேலை ஆணை, பில், டிடிஎஸ் எல்லாம் முறையாக இருக்க வேண்டும். எது எந்த வகை என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 50இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்ததும் அதே திருத்தத்தில்தான். ஆராய்ச்சியையோ பயிற்சியையோ முதன்மையாகச் செய்யும் அமைப்புக்குக் களத்தரவு எடுப்போர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. உங்களைப்போல் களப்பணி செய்யும் டிரஸ்டுக்கு அந்தச் சலுகை தானாக வராது. ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் என்று பெரிய தொகை வந்தால் 20ஐத் தாண்டுகிறதா என்று முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

மாதிரி. ‘தண்ணீர்தானே, பாட்டிலில் அனுப்பிவிடலாம்’ என்று நினைக்காதீர்கள். அதிலிருந்து நுண்ணுயிரைப் பிரித்து ஆராய்வதாக இருந்தால் அது 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி உயிரியல் வளம். வெளிநாட்டு நிறுவனம் அதை எடுக்கச் சென்னை தரமணியில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்ட அரசு நிறுவனக் கூட்டாய்வுகளுக்கு விலக்கு உண்டு. தனியார் டிரஸ்டோடு போடும் எம்ஓயூவுக்கு இல்லை. எளிய வழி, சோதனையை இங்கேயே செய்வது. பிள்ளைகளின் மல மாதிரி, உடல்நலத் தரவு என்று போனால் நெறிமுறைக் குழு அனுமதியும், வெளிநாட்டுப் பணம் என்பதால் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும். அவர்கள் ஊர்ப் பல்கலையின் நெறிமுறைச் சான்று இங்கே செல்லாது. மார்ச்சுக்குள் இது முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆய்வை மதிப்பீட்டிலிருந்து பிரித்துத் தனித் திட்டமாக வையுங்கள்.

எதைச் சோதித்தோம் என்பதோடு எதைச் சோதிக்கவில்லை என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று ஒரு பிரிவு சேருங்கள். காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் 1992இல் வங்கதேச நிலத்தடி நீர் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. சுமார் 150 கிணறுகளைச் சோதித்தார்கள், ஆர்செனிக்கைச் சோதிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஆர்செனிக் நஞ்சின் அளவு வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர் தொடுத்த வழக்கு 2006இல் பிரிட்டனின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வரை போய்த் தள்ளுபடியானது: அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு ஆய்வகம் சட்டப்படி பொறுப்பில்லை என்றார்கள். ‘அறிக்கையில் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே தண்ணீர் நல்லது’ என்று ஊர் படித்துக்கொள்ளும். அதற்கு ஆராய்ச்சியாளர் பிணை இல்லை. உங்கள் ஊருணிக்கு ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் குறைந்தது இவை வேண்டும்: 100 மி.லி.யில் ஈ-கோலி இருக்கவே கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்குள்; ஃபுளோரைடு 1, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை, மொத்தக் கரைந்த உப்பு 500, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. நுண்ணுயிர் மாதிரியைக் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். 24 மணி நேரம் தாண்டினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சனிக்கிழமை மாதிரி எடுத்துத் திங்களன்று கொடுப்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

தரவும் பெயரும். ‘தரவு பல்கலைக்குச் சொந்தம்’ என்பதை ‘இருவருக்கும் கூட்டுரிமை, சுத்தம் செய்த தரவின் நகல் 60 நாளில் டிரஸ்டுக்கு, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்த இருவர் சம்மதமும் வேண்டும்’ என்று மாற்றுங்கள். ஆய்வை வகுப்பதிலோ தரவை எடுப்பதிலோ பொருள்கொள்வதிலோ முக்கியப் பங்காற்றி, வரைவை எழுதியோ திருத்தியோ, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, அதற்குப் பொறுப்பும் ஏற்பவர் கட்டுரையாசிரியர்; நாலும் வேண்டும். இது உலகம் முழுதும் மருத்துவ இதழ்கள் ஏற்ற விதி. உங்கள் ஆட்களைத் தரவு மட்டும் எடுக்கவைத்து, வரைவிலும் ஒப்புதலிலும் சேர்க்காமல் வைத்துக்கொண்டு கடைசியில் ‘நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே நன்றியுரை’ என்பது பழைய தந்திரம். பகுப்பாய்வுக் கூட்டங்களில் டிரஸ்டிலிருந்து இருவர் இருப்பார்கள் என்று எம்ஓயூவிலேயே பெயரோடு எழுதுங்கள். பெயர் நீக்கம் என்று சொல்லி ஊர், சாதி, வீட்டுக் கூரை, மாடு எண்ணிக்கை நாலையும் வெளியிட்டால் 80 வீட்டு ஊரில் யார் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஊரின் பெயரையும் ஜிபிஎஸ்ஸையும் நீக்கித்தான் பகிர வேண்டும்.

நாலாவது கேள்விக்கு: கூட்டாய்வை அளக்க ‘பரஸ்பர நம்பிக்கை 5க்கு 4.2’ போன்ற மதிப்பெண் வேண்டாம். கூட்டாய்வு நியாயமாக நடக்க 2018இல் வந்த ‘டிரஸ்ட்’ (TRUST) என்ற நெறிமுறைக் கோவையும் சுவிட்சர்லாந்தின் பதினொரு கொள்கைகளும் நல்ல பட்டியல்கள்; எடுத்துப் பாருங்கள். ஆனால் மதிப்பிடும்போது ஆவணத்தில் கைவைத்துக் காட்டக்கூடியதை மட்டும் எண்ணுங்கள். ஆய்வுக் கேள்வியின் முதல் வரைவை எழுதியது யார், அதில் உங்கள் திருத்தம் எத்தனை ஏற்கப்பட்டது? மொத்த பட்ஜெட்டில் இங்கே செலவானது எவ்வளவு, அங்கே எவ்வளவு? மேல்செலவு (அலுவலக, நிர்வாகச் செலவு) விகிதம் இருவருக்கும் ஒன்றா? ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சி நிதித் திட்டத்தில் நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம் தட்டையாகக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? மாதிரி எடுத்த நாளிலிருந்து முடிவு ஊருக்குத் திரும்பி வர எத்தனை நாள்? களத்தில் அலைந்த பிள்ளைகளைத் தனியே, இரு நிறுவனத் தலைவர்களும் இல்லாமல், வெளியாள் ஒருவர் பேட்டி எடுக்க வேண்டும்.


வரத்துக்கால்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். டோனர் ‘நேரடிப் பயனாளிகள் எத்தனை?’ என்று ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார். காலியாக விட முடியாது. இன்னொன்று, இதே மாதிரியைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்ய நினைக்கிறார்களாம். இந்த அறிக்கை அதற்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்கிறார்கள்.


திண்ணை

கட்டத்தில் இரண்டு எண் போடுங்கள். ‘ஊருணியிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் குடியிருப்போர்’ ஒன்று, ‘போன வாரம் குடிக்கத் தண்ணீர் எடுத்தோர்’ இன்னொன்று. படித்துறை கட்டியதற்கு ஒரு தடவை, கிணற்றுக்கு ஒரு தடவை, பயிற்சிக்கு ஒரு தடவை என்று ஒரே ஆளை மூன்றாக எண்ணாதீர்கள்.


கலுங்கு

ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போவது பற்றி. இதற்கு உதாரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது; வெள்ளோட்டம் பார்த்தது மேலூரைத் தாண்டி இருக்கும் கொட்டாம்பட்டியில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துணவு, தாய்க்கு அறிவுரை. நல்ல பலன் என்று பேர் வாங்கியது. (நடுவில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்து ஒப்பீட்டுப் பகுதிகளையும் சேர்த்துக் கலக்கிவிட்டது. எந்தப் பலன் எதனால் என்று பிரிக்க மதிப்பீட்டாளர்கள் திண்டாடினார்கள். உங்கள் ஜல் ஜீவன் குழாய் போலத்தான்.)

1995இல் அதே மாதிரி வங்கதேசத்துக்குப் போனது. அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று உலக வங்கியின் மதிப்பீட்டுத் துறை 2005இல் எழுதியது. முக்கியக் காரணம், திட்டம் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது. அங்கே கடைக்குப் போவது ஆண், கூட்டுக் குடும்பத்தில் அடுப்பங்கரையை ஆள்வது மாமியார். தாய்க்குத் தெரிந்தும் தட்டில் மாறவில்லை. கொட்டாம்பட்டியில் தாய்தான் முடிவெடுக்கிறாள் என்பது யாரும் எழுதிவைக்காத ஒரு தூண்.

ஆகவே அறிக்கையில் ‘எவை இருந்ததால் இது இங்கே நடந்தது’ என்று தனிப் பகுதி வையுங்கள். ஊருணி பொதுச்சொத்து என்ற பழக்கம். ஆடு மாடு இறங்காமல் பார்த்துக்கொள்ளும் காவல், அதற்கு யார் சம்பளம். வரத்துக்கால் போகும் பட்டா நிலத்துக்காரர் விட்டுக்கொடுத்தது எப்படி. 10 சதவீதப் பங்கில் எவ்வளவு சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தது. மூன்று மாதத்துக்குள் கொட்டிவிட்டு ஓயும் மழை. ஒவ்வொன்றும் 14 ஊரில் எத்தனையில் இருந்தது, இல்லாத ஊரில் என்ன ஆயிற்று என்று ஒரு அட்டவணை. புதிய இடத்தில் இவை உண்டா என்று தேடிப் பார்ப்பது அவர்கள் வேலை.

இன்னொன்று, டோனருக்கு அனுப்பும் முன் ஊருக்குச் சொல்லுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை உங்கள் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் வருகிறது. ஊருக்கு ஒரு பக்கம், தமிழில், தண்ணீர்ச் சோதனை எண்களோடு. அங்கே வரும் மறுப்புகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பலாம். அதற்கு சர்வே தை மாதக் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு ஊர் வந்தவர்களை வீட்டுப் பட்டியலில் சேர்த்துவிடாதபடி பட்டியலை மார்கழியிலேயே போட்டுவிடுங்கள்.